பணியாளர் நலனை டூட்டி ரோஸ்டரிலிருந்து தொடங்குங்கள்

முந்நூறு படுக்கைகள் கொண்ட ஒரு வட்டார மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பணியாளர் நலக் குழு அமைத்தாகிவிட்டது. சிறிய தொகையும் ஒதுக்கியாகிவிட்டது. மன அழுத்தத்தைக் கையாள்வது குறித்த பயிலரங்கு ஒன்றும், கைப்பேசிச் செயலி ஒன்றுக்கான ஆண்டுச் சந்தாவும் பரிசீலனையில் உள்ளன. ஆனால் செவிலியர்கள் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் விலகிப் போகிறார்கள். வெளியிடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்களோ, எத்தனை நாள் வேலை பார்த்தாலும் இங்கே விருந்தாளியாகவே இருக்கிறோம் என்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

கடந்த ஆறு மாதத்து டூட்டி ரோஸ்டர்களை, அதாவது யாருக்கு எந்த நாளில் எந்த ஷிஃப்ட் என்று எழுதும் பணிப் பட்டியல்களை, வரவழைத்து மேசையில் விரித்து வையுங்கள் என்பதே என் பதில். செயலியைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. செவிலியர் நிர்வாகத்தில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் பென்சிலால் எழுதப்பட்ட ரோஸ்டர் பதிவேடு ஒன்றைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அழித்து அழித்து எழுதியதில் தாள் சில இடங்களில் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரியும் அளவுக்கு ஆகியிருந்தது. அந்த மெலிந்த கட்டங்கள் பக்கம் முழுவதும் பரவியிருக்கவில்லை. மூன்று பெயர்களுக்கு நேராகவே இருந்தன. மூவருமே வேறு இடத்திலிருந்து வந்தவர்கள், விடுதியில் தங்கியிருந்தவர்கள், அந்த வட்டார மொழியில் மறுத்துப் பேசும் அளவுக்கு இன்னும் தேர்ச்சி பெறாதவர்கள். யாராவது திடீரென்று வராமல் போனால், அந்த ஓட்டையை அடைக்க அவர்களுடைய ஓய்வு நாள் அழிக்கப்பட்டது. பதிவேட்டை எழுதியவர் கெட்டவர் அல்லர். முடியாது என்று சொல்லக்கூடியவர்களைக் கேட்டுப் பார்த்து, முடியாது என்று சொல்லத் தெரியாதவர்களிடம் போய் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

பணியாளர் நலன் ஒரு திட்டம், அனைவரையும் உள்ளடக்குதல் இன்னொரு திட்டம் என்று இரண்டு கோப்புகள் திறப்பதை நான் ஏன் விரும்புவதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். ஒரு மருத்துவமனையில் சோர்வு எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. குரல் குறைந்தவர்களிடம் அது போய்த் தேங்குகிறது.

பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வு பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறோம். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் அந்தச் சொல்லை ஆய்வுலகில் எழுதினார்; கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் அதை அளக்கும் கேள்விப்பட்டியலை வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற பதினொன்றாவது நோய் வகைப்பாட்டில், அதை ஒரு நோயாகக் கொள்ளாமல் பணி சார்ந்த நிகழ்வாகவே குறித்திருக்கிறது. சரியாகக் கையாளப்படாத நெடுநாள் பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் வரையறை. அந்த அழுத்தத்தைக் கையாளும் பொறுப்பு முழுவதையும் சோர்ந்துபோனவரின் தலையிலேயே கட்டுவதுதான் பெரும்பாலான பயிலரங்குகளில் நடக்கிறது. மருத்துவர்களிடம் நடத்தப்பட்ட பல சோதனைகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தனிமனிதருக்கான பயிற்சிகளைவிட வேலையின் அமைப்பையே மாற்றும் ஏற்பாடுகள் அதிகப் பலன் தந்தன என்று கண்டது. பயிலரங்கால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஓய்வு நாளில் வரவழைத்து ஓய்வின் அவசியத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பாடம் எடுத்த கூத்தை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, ரோஸ்டரில் எதைப் பார்ப்பது? முதலில், ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் வரையுள்ள இடைவெளி. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977இல் செவிலியப் பணியாளர்களுக்கென்றே 149ஆம் உடன்படிக்கையையும் 157ஆம் பரிந்துரையையும் நிறைவேற்றியது. இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே குறைந்தது 12 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. பணி நேரங்களைப் போதிய அவகாசத்தோடு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. மாலை ஷிஃப்டை இரவு ஒன்பது மணிக்கு முடித்தவரை மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னால், தாளில் பத்து மணி நேரம் இருக்கும். நோயாளிகளின் நிலையை அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரிடம் சொல்லும் ஒப்படைப்பு முடிந்து, வீடு சேர்ந்து, சாப்பிட்டு, மறுபடி கிளம்பும் நேரத்தைக் கழித்தால் தூங்கக் கிடைப்பது ஐந்தரை மணி நேரம். இப்படிப்பட்ட குறுகிய திருப்பங்கள் மாதத்துக்கு எத்தனை, அவை யார் யாருக்கு விழுகின்றன என்று எண்ணினாலே உங்கள் குழுவின் முதல் அறிக்கை தயார்.

அடுத்தது சுழற்சியின் திசை. காலையிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்கும் என்று முன்னோக்கிச் சுழலும் ஏற்பாட்டுக்கு உடல் ஓரளவு ஒத்துப்போகும். இரவிலிருந்து மாலைக்கும் காலைக்கும் பின்னோக்கி இழுத்தால் தூக்கம் சிதறும். தொடர் இரவுகள் மூன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதும், இரவுச் சுற்று முடிந்ததும் இரண்டு முழு நாள் விடுவதும் நல்லது. இதை நோயாளிகளின் பாதுகாப்புக்காகவும் சேர்த்தே சொல்கிறேன். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். மது அருந்திய ஒருவரை இன்சுலின் அளக்க விட மாட்டோம்; ஆள் இல்லை என்று இரட்டை ஷிஃப்ட் பார்த்தவரை விடுகிறோம்.

இரவு மூன்று மணிக்கு ஒரு முறை நீங்களே மருத்துவமனையைச் சுற்றி வாருங்கள். முன்னறிவிப்பு வேண்டாம். உணவகம் எத்தனை மணிக்கு மூடுகிறது, சூடாக ஏதாவது கிடைக்கிறதா, ஓய்வறையில் ஓய்வெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். நான் பார்த்த ஓய்வறைகளில் பாதிக்கு மேல், உடைந்த சலைன் ஸ்டாண்டுகளும் பழைய கோப்புகளும் குடியேறிய கிடங்குகளாகத்தான் இருந்தன. சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் இரண்டு, அணைக்கக்கூடிய விளக்கு, உள்ளே தாழிடும் கதவு ஆகியவை போதும். இருபது நிமிடக் குட்டித் தூக்கம் விடியற்காலைப் பிழைகளைக் குறைக்கும். விழித்த உடனே சில நிமிடம் மந்தமாக இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் மருந்து கலக்க வேண்டாம் என்ற ஒரு வரியையும் விதியில் சேர்த்துவிடுங்கள். தூங்குகிறவர் சோம்பேறி என்ற பேச்சை வார்டு பொறுப்பாளர்தான் நிறுத்த வேண்டும். அவரே ஒரு நாள் அந்த நாற்காலியில் படுத்துக் காட்டினால் சுற்றறிக்கை தேவைப்படாது.

பெருநகர மருத்துவமனைகளுக்கான அறிவுரைகளை அப்படியே எடுத்தால் வட்டார மருத்துவமனையில் சில இடங்களில் தடுக்கும். முதல் தடுக்கல், மாற்று ஆள் இல்லாமை. மயக்கவியல் மருத்துவர் ஒருவரே இருக்கும் இடத்தில் அவர் ஆண்டு முழுவதும் எந்நேரம் கூப்பிட்டாலும் வர வேண்டியவராகத்தான் இருக்கிறார்; அவருடைய விடுப்பு எந்த நேரமும் ரத்தாகக்கூடிய ஒரு வாக்குறுதி மட்டுமே. பக்கத்து மருத்துவமனைகளோடு முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதோ, குறிப்பிட்ட வார இறுதிகளில் வெளியிலிருந்து ஒருவரை வரவழைப்பதோ செலவுதான். அவர் விலகிப் போனால் அறுவை அரங்கு எத்தனை நாள் மூடிக் கிடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் எந்தச் செலவு பெரிது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது தடுக்கல், எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும் என்பது. இதுவே வட்டார மருத்துவமனையின் பலமும்கூட. விபத்தில் அடிபட்டு வருகிறவர் நம் சக ஊழியரின் தம்பியாக இருப்பார். ஆனால் மனநல ஆலோசகரின் அறை நிர்வாகத் தாழ்வாரத்தில் இருந்தால், அதன் வாசலில் காத்திருப்பவரை மாலைக்குள் முழு மருத்துவமனைக்கும் தெரிந்துவிடும். ஆலோசகர் உங்கள் ஆய்வக நுட்புநரின் மனைவியாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே ஆலோசனை வெளியிலிருந்து, தொலைபேசி வழியாக, மேலாளர் பரிந்துரை எதுவும் இல்லாமல் பணியாளரே நேரடியாக அழைக்கும் வகையில் அமைய வேண்டும். கட்டண ரசீதில் அழைத்தவர்களின் எண்ணிக்கை மட்டும் வர வேண்டும். பெயர் வரக் கூடாது.

இந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வு உண்டு. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன், பெருந்தொற்றின் முதல் அலையில், 2020 ஏப்ரலில் உயிரை மாய்த்துக்கொண்டார். உதவி நாடியது தெரிந்தால் தொழில் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதை அவருடைய குடும்பத்தினர் வெளிப்படையாகப் பேசினார்கள். மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்காக 2022 மார்ச்சில் அமெரிக்காவில் வந்த சட்டம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. உங்கள் பணி விண்ணப்பப் படிவத்தில், இதற்கு முன் மனநல சிகிச்சை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். இப்போது வேலையைப் பாதிக்கும் உடல்நலக் குறை ஏதும் உண்டா என்று பொதுவாகக் கேட்பதே போதும்.

எதிர்பாராத மரணம் ஒன்றோ, மருந்துப் பிழை ஒன்றோ நிகழ்ந்த மறுநாளை எப்படி நடத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். பிழையில் சிக்கிய பணியாளரை இரண்டாவது பாதிக்கப்பட்டவர் என்று அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் ஒரு கட்டுரையில் அழைத்தார். அந்தச் சொல் பொறுப்பை மறைக்கிறது என்று நோயாளிகளின் குடும்பத்தினர் பின்னர் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். சொல் எதுவானாலும், மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்ற முடியாமல் போன பத்தாவது நிமிடத்தில் அடுத்த படுக்கைக்கு மருந்து கொடுக்கப் போகும் செவிலியரின் கை நடுங்குகிறது. அவரை அந்த ஷிஃப்டின் மீதி நேரத்துக்கு விடுவிக்க முடியுமா, முடியாவிட்டால் அரை மணி நேரமாவது வேறொருவர் அவர் இடத்தில் நிற்க முடியுமா என்று பொறுப்பாளர் கேட்க வேண்டும். நிகழ்வை விவரித்தே ஆக வேண்டும் என்று எல்லோரையும் கட்டாயமாக ஒரே அமர்வில் உட்கார வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அத்தகைய ஒற்றை அமர்வுகள் பிற்கால மனவடு நோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யலாம் என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு காட்டியிருக்கிறது. பயிற்சி பெற்ற சக பணியாளர் ஒருவர் மறுநாள் தொலைபேசியில் அழைத்து, தூங்கினீர்களா என்று கேட்பது அதைவிட மேல்.

ஷ்வார்ட்ஸ் சுற்றுகள் என்ற ஏற்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். பாஸ்டனில் மருத்துவத் துறை வழக்கறிஞராக இருந்து நுரையீரல் புற்றுநோயால் 1995இல் இறந்த கென்னத் ஷ்வார்ட்ஸின் பெயரில் அமைந்த மையம் தொடங்கியது அது. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், எழுத்தர் எல்லோரும் ஒரு மணி நேரம் கூடி, ஒரு நோயாளியோ நிகழ்வோ தங்கள் மனத்தில் என்ன செய்தது என்று பேசுவார்கள். அங்கே சிகிச்சை சரியா தவறா என்ற விவாதம் கிடையாது, தீர்மானம் கிடையாது. மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் முதல் கூட்டத்திலேயே தன் தூக்கமில்லாத இரவைப் பற்றிப் பேசினால் மற்றவர்கள் வாய் திறப்பார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

இனி, பணியாளர் என்று நீங்கள் யாரை எண்ணுகிறீர்கள் என்ற கேள்வி. நலன் குறித்த கருத்துக்கணிப்பை மின்னஞ்சலில் அனுப்புவோம். மருத்துவமனையின் மின்னஞ்சல் முகவரி இல்லாத துப்புரவுப் பணியாளர், காவலர், சமையலறை ஊழியர், தள்ளுவண்டி ஊழியர் அனைவரும் கணக்கிலேயே வர மாட்டார்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்பது அதற்கு நிர்வாகம் சொல்லும் விளக்கம். ஆனால் கழிவுப் பையில் தவறிப்போட்ட ஊசி குத்தும்போது, அது யாருடைய சம்பளப் பட்டியல் என்று பார்த்துக் குத்துவதில்லை. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைட்டிஸ் பி தொற்றுள்ள ஊசி குத்தினால் நோய் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகலாம். எச்ஐவிக்கு அது ஆயிரத்துக்கு மூன்று அளவில்தான். எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை முடிந்தவரை விரைவாக, 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ஒப்பந்தப் பணியாளர்களில் எத்தனை பேர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணையையும் முடித்திருக்கிறார்கள், ஊசி குத்தினால் இரவில் யாரிடம் போக வேண்டும் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று விசாரியுங்கள். அனைவரையும் உள்ளடக்குகிறோம் என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் இந்த எண் நூற்றுக்கு நூறாகட்டும். அவர்கள் உட்கார ஒரு நாற்காலியும் உடை மாற்ற ஓர் அறையும் கூடவே தேவைப்படும்.

வெளியிடங்களிலிருந்து வந்தவர்களின் பிரச்சினையில் மொழி பாதிதான். சிகிச்சை தொடர்பான எதையும் எல்லோருக்கும் பொதுவான மொழியில் பேச வேண்டும் என்ற விதி நியாயமானது, அது பாதுகாப்பு. தேநீர் இடைவேளையில் இருவர் தங்கள் தாய்மொழியில் பேசுவதற்கும் தடை போடுவது அடாவடி. ஒப்படைப்பின்போது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பழக்கத்தை எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். புதியவரை மட்டும் சொல்ல வைத்தால் அது சோதனையாகிவிடும். மீதிப் பாதி, வேலைக்கு வெளியே இருக்கிறது. வாடகை வீடு, குழந்தைக்குப் பள்ளி, வங்கிக் கணக்கு, துணைவருக்கு ஒரு வேலை ஆகியவற்றுக்கு முதல் மூன்று மாதம் ஒருவர் கூடவே நின்று உதவினால், இரண்டாம் ஆண்டில் எழுதப்படும் விலகல் கடிதங்களில் சில எழுதப்படாமலே போகும். அந்த உதவியைச் செய்பவருக்கு அதையும் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும்.

நோயாளியோ உடன் வந்தவரோ, இவர் என்னைத் தொடக் கூடாது என்று ஒரு பணியாளரின் நிறத்தையோ மதத்தையோ பிறப்பையோ சொல்லி மறுக்கும்போது என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: பொறுப்பாளர் சத்தம் வராமல் ஆளை மாற்றிவிடுவார், அவமதிக்கப்பட்டவர் அடுத்த வார்டுக்குப் போய் வேலையைத் தொடர்வார், பதிவு எதுவும் இருக்காது. உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சைதான் முதலில், அதில் விவாதமில்லை. மற்ற நேரங்களில் நோயாளியிடம் பேச வேண்டியவர் பொறுப்பாளர். ஆளை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்பதில் அந்தப் பணியாளரின் விருப்பத்தைக் கேட்க வேண்டும். நிகழ்வைப் பதிய வேண்டும். வன்முறையும் தொல்லையும் குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை (2019), ஒப்பந்த நிலை எதுவானாலும் பணியாற்றும் எல்லோருக்கும், பயிற்சியாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்கூடப் பொருந்தும்.

மாற்றுத்திறனுள்ள பணியாளர்களுக்கு ஐநாவின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் நியாயமான வசதியேற்பாடு என்பது பலர் அஞ்சுவது போலப் பெரும் செலவல்ல. கேட்கும் திறன் குறைந்த செவிலியருக்கு ஒலியைக் கூட்டித் தரும் ஸ்டெதாஸ்கோப், முதுகு அறுவைக்குப் பின் திரும்பியவருக்குச் சில வாரம் தூக்கும் வேலையற்ற பிரிவு, அதே போலக் கர்ப்பிணிக்கு இரவுப் பணியிலிருந்து விலக்கு, திரும்பி வந்த தாய்க்குப் பால் எடுக்க இடமும் நேரமும். பால் எடுக்கும் இடம் கழிவறையாக இருக்கக் கூடாது என்பதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான். உலகெங்கும் உள்ள சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள், மூத்த பொறுப்புகளில் 25 சதவீதமே என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நலக் குழுவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளப்பது பற்றி ஓர் எச்சரிக்கை. நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை கொண்ட குழுக்களிலிருந்தே அதிக மருந்துப் பிழைகள் பதிவாகியிருந்தன; அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பதுதான் காரணமாகத் தெரிந்தது. உங்கள் திட்டம் வேலை செய்யத் தொடங்கினால் முதல் ஆண்டில் புகார்கள் கூடும். மேலிடத்துக்கு அதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் வெற்றியைத் தோல்வி என்று எண்ணித் திட்டத்தை மூடிவிடுவார்கள். கருத்துக்கணிப்பு முடிவுகளைப் பிரிவுவாரியாக வெளியிடும்போது பத்துப் பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகக் காட்டாதீர்கள். கதிரியக்கப் பிரிவில் வெளியிடத்திலிருந்து வந்த ஒரே பெண் என்ன பதில் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், அடுத்த முறை அவர் பதிலே சொல்ல மாட்டார்.

தொகை சிறியது என்றீர்கள். நான் செலவழிக்கும் வரிசை இதுதான்: ஒப்பந்தப் பணியாளர்களுக்குத் தடுப்பூசி, இரவில் சூடான உணவு, ஓய்வறை, வெளி ஆலோசனைத் தொலைபேசி, மிச்சமிருந்தால் பயிலரங்கு. ரோஸ்டரை நான்கு வாரம் முன்னதாக ஒட்டுவதற்கும், ஓய்வு நாளை அழித்தவர் காரணத்தையும் தன் கையெழுத்தையும் பதிய வேண்டும் என்ற விதிக்கும் பணமே வேண்டாம். குழுவின் கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு வைக்காதீர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்த உடனே, காலை ஏழரைக்கு அரை மணி நேரம் வைத்து, இரவுப் பணியாளர் ஒருவரையும் துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருவரையும் அழைத்து, அந்த அரை மணி நேரத்துக்கும் சம்பளம் கொடுங்கள். முதல் கூட்டத்தில் நீங்கள் வரவழைத்த அந்த ஆறு மாதத்து ரோஸ்டர்களையே அவர்கள் முன் வையுங்கள். எந்தக் கட்டம் ஏன் அழிக்கப்பட்டது என்பதை அவர்களே சொல்வார்கள்.